சென்னியப்பன் பூட்டு

ஏனுங்க, காலச் சித்தெ அக்கட்ட எடுத்துக்கறீங்களா? பொட்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அது இரும்பு. உங்க காலுக்குத்தான் ஆகும். ஏழு கிலோ. டிரைவரு பிரேக் போட்டாருன்னா நேரா உங்க சுண்டுவெரல் மேலதான் வந்து உக்காரும். ஆங், அப்படி வெச்சுக்குங்க. அந்தச் செருப்பும் என்னுதுதானுங்க. உட்டுருங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். பஸ்ல ஏறி உக்காந்ததுமே காலு தானாக் கழட்டிப் போட்டுருது. முப்பத்தி நாலு வருசமாக் கரண்டுக் கம்பத்துல ஏறுன காலு. இது பஸ்ஸு, இது கம்பம்னு அதுக்கு என்னங்க தெரியுது.

பொட்டிக்குள்ள என்னன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறன். ஈரோடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. எனக்கும் யாருகிட்டயாச்சும் சொல்லிப் பார்த்தாகோணும். அதுக்குத்தான் சன்னல் சீட்ட உங்களுக்கு உட்டுட்டு நான் இந்தப் பக்கம் உக்காந்தன். சன்னலோரம் உக்காந்திருக்கறவரு எந்திரிச்சு ஓட முடியாது பாருங்க.

என்ற பேரு சென்னியப்பன். கரண்டு ஆபீஸ்ல போர்மேன், காட்டுப்பாளையம் பிரிவு. இன்னும் மூணு மாசத்துல ரிட்டயர்டு. இன்னைக்குப் பெரிய ஆபீஸ்ல பாதுகாப்பு வாரம் நடக்குது. கரண்டு சாமான்ல கை வெக்கற ஆளுங்க சாகாம இருக்கறதுக்கு ஊழியருங்களே கண்டுபிடிச்ச கருவிங்களை எல்லாம் மேசையில பரப்பி வெப்பாங்க. பெரிய எஞ்சினியருங்க வந்து பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுப்பாங்க. எடுத்தாங்கன்னா அதைய மாவட்டம் பூராவும் டிரான்ஸ்பார்மருக்கு ஒண்ணுன்னு மாட்டுவாங்க. நம்முளுதும் ஒண்ணு மேசைக்குப் போகுது. அதுதான் பொட்டிக்குள்ள இருக்குது. சென்னியப்பன் பூட்டு. பேரு நான்தான் வெச்சன். வேற எவன் வெப்பான்?

இதா, இது படிவம். ஒம்பது காலம். எட்டு எழுதிப்போட்டன், ஒம்பதாவது காலி. என்ன கேட்டிருக்காங்கன்னு படிக்கறன் பாருங்க: 'இக்கருவியினால் தவிர்க்கப்பட்ட விபத்து ஏதேனும் உண்டா? விவரம் தருக.' இதைய எழுதறதுக்குத்தானுங்க பத்து நாளா முழிச்சுட்டிருக்கறன். ஈரோட்டுல எறங்கறதுக்குள்ள எழுதியாகோணும்.

கண்டுபிடிப்புங்கறது எனக்கு ஒரு சீக்குங்க. படிச்சது பத்தாவது. பத்தாவதும் முழுசாப் படிச்சன்னு சொல்ல மாட்டன். ஆனாலும் ஒரு சாமானப் பார்த்தன்னா, இதைய இன்னும் எப்படிச் சிக்கலாக்கலாம்னுதான் புத்தி போகும். ஊட்ல தண்ணித் தொட்டி நெறைஞ்சா மணி அடிக்கற மாதிரி ஒண்ணு பண்ணுனன். தொட்டி நெறைஞ்சா மணி அடிக்கும். நெறையாட்டியும் அடிக்கும். என்ற ஊட்டுக்காரி மரகதம் ஒருநாள் ஒயரைப் புடிச்சு இழுத்துட்டு, "தண்ணி வழிஞ்சா எனக்கே காது கேக்கும், நீங்க போய் உங்க ஆபீஸக் காப்பாத்துங்க"ன்னுட்டா. சரி, ஆபீஸக் காப்பாத்தலாம்னு கெளம்பிட்டன்.

வெளையாட்டுக்குச் சொல்றன், ஆனா அது வெளையாட்டு இல்லீங்க. பக்கத்துப் பிரிவுல ஒரு லைன்மேன் போயிட்டான். பேரு வேண்டாம். மேல கம்பத்துல வேலை பார்த்துட்டு இருந்திருக்கறான். கீழ டிரான்ஸ்பார்மர்கிட்ட எவனோ வந்து கைப்பிடியத் தள்ளிட்டான். உங்களுக்குப் புரியறாப்புல சொல்றன். டிரான்ஸ்பார்மர் இருக்கற கம்பத்துல மேல இருந்து ஒரு நீள ராடு எறங்கி வரும், அடியில இடுப்பு உசரத்துக்கு ஒரு கைப்பிடி. கீழ இழுத்தா அந்த லைனுக்கே கரண்டு கட்டு. மேல தள்ளுனா வந்துரும். அவ்வளவுதான். நாங்க கைப்பிடியக் கீழ இழுத்துட்டு நாலு கம்பம், அஞ்சு கம்பம் தள்ளிப் போய் ஏறி வேலை பார்ப்பம். அந்த நேரம் தோட்டத்துக்காரரு ஒருத்தரு மோட்டார் ஓடலையேன்னு வந்து கைப்பிடியத் தள்ளுனாருன்னா மேல இருக்கறவன் முடிஞ்சான். அவருக்கு மேல ஆளு இருக்கறது தெரியாது. பயிரு காயற வெசனம் அவருக்கு. அந்த லைன்மேன் ஊட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து மூணு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க.

சரி, நம்ம பிரிவுல இப்படி ஒண்ணு நடக்கக் கூடாதுன்னு மொதல்ல ஒரு ஹெல்மெட்டு பண்ணுனன். கரண்டு ஓடற கம்பிக்குப் பக்கத்துல போனா 'கீ கீ'ன்னு கத்தும். எங்க லைன்மேன் அர்த்தநாரி தலையில மாட்டியுட்டன். இந்த அர்த்தநாரியப் பத்திச் சொல்லோணும். ஒல்லியான ஆளு, நாப்பத்தஞ்சு வயசு, வாயத் தொறந்தா ஒரு வார்த்தை, மிஞ்சிப் போனா ரெண்டு. மந்தமானவன்னு நெனச்சுட்டிருந்தன். ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டுக் கடைவீதியில போயிருக்கறான். கடைவீதி பூராவும் தலைக்கு மேல கம்பிதானுங்க, ஆபீஸ் வாசல்ல கத்த ஆரம்பிச்சது சந்தைத் திடல் வரைக்கும் நிறுத்தலை. பின்னால நாலு நாயி. டீக்கடைக்காரரு, "அர்த்தநாரி, மண்டைக்குள்ள யாரப்பா அழுகறது?"ன்னு கேட்டாராம். மூணு நாளு பொறுத்துப் பார்த்துட்டு, நாலாவது நாளு ஹெல்மெட்ட என்ற மேசை மேல வெச்சான். "அண்ணா, இது எப்பவும் கத்துது. எப்பவும் கத்தறத யாரு காதுல வாங்குவாங்க?"ன்னான். அவன் பேசுனதுலயே அதுதான் நீளமான பேச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. கண்டுபிடிச்சவனுக்கு இல்லாத புத்தி மாட்டிக்கறவனுக்கு எங்கிருந்து வந்துதுன்னு கோவம்.

அந்தக் கோவத்துல இன்னொண்ணும் சேர்ந்துக்கிச்சு. இந்த அர்த்தநாரி ஒரு பழக்கம் வெச்சிருந்தானுங்க. கம்பத்துல ஏற நாங்க எல்லாருமே செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் ஏறுவம். ஷூ போடோணும்னு சட்டம், நானே மாசத்துக்கு ஒருக்கா எல்லாரையும் நிக்க வெச்சு அதையச் சொல்லுவன். சொல்லி முடிச்சுட்டு வெறுங்கால்ல ஏறுவன். கழட்டுன செருப்ப எல்லாரும் கம்பத்தடியில போடுவாங்க. இவன் மட்டும் டிரான்ஸ்பார்மருக்கிட்டயே கழட்டி, அந்தக் கைப்பிடியில தொங்கவிட்டுட்டு, வெறுங்கால்ல முள்ளு மேல அஞ்சு கம்பம் நடந்து போவான். ஒருநாள் மேல ஆபீஸ்ல இருந்து எஞ்சினியர் ஒருத்தரு சோதனைக்கு வந்தாரு. பார்த்தா கைப்பிடியில ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஊஞ்சலாடுது. "என்ன போர்மேன், இது டிரான்ஸ்பார்மரா, செருப்புக் கடையா?"ன்னாரு. எனக்கு மானம் போச்சு.

அன்னைக்கே மெமோ குடுத்தனுங்க அர்த்தநாரிக்கு. நானே எழுதுனன். 'மின்பகிர்மான உபகரணத்தின் மீது காலணியைத் தொங்கவிட்டு அதன் மாண்பைக் குலைத்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.' மாண்பு! டிரான்ஸ்பார்மருக்கு என்னங்க மாண்பு? ஆனா எழுதறப்ப ரொம்ப நல்லா இருந்துது, ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுப் பார்த்துக்கிட்டன். அவன் பதில் எழுதுனான், ஒரே வரி: 'ஆளு மேல இருக்குதுன்னு தெரியட்டும்னு.' விளக்கம் திருப்தி இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிச்சுட்டன். அந்தக் காயிதம் அவன் பைல்ல போய் உக்காந்துக்கிச்சு. ரெண்டு வருசமா அவனுக்கு வர வேண்டிய உசர்வு வரலைங்க. அவனுக்குப் பொறகு சேர்ந்தவன் எல்லாம் மேல போயிட்டான். அதைய நெஞ்சுல வெச்சுக்குங்க, பின்னால வருது.

அப்பத்தான் பூட்டு உதிச்சுது. செருப்பத் தொங்கவிட்டுத்தான் ஒரு உசுரக் காப்பாத்தோணுமா, எஞ்சினியரு பாராட்டறாப்புல ஒண்ணு பண்ணிக் காட்டறன்னு லேத்துப் பட்டறையில போய் உக்காந்துட்டன். ரெண்டு மாசம். சொல்றன் கேளுங்க, நெசமாலுமே நல்ல யோசனைங்க அது. கைப்பிடியக் கீழ இழுத்தாத்தான் பூட்டு விழும். பூட்டுனாத்தான் சாவி வெளிய வரும். வந்த சாவிய ஏறறவன் கழுத்துல மாட்டிக்கோணும். சாவி மேல, ஆளு மேல. கீழ எவன் வந்தாலும் கைப்பிடி அசையாது. ஆளு எறங்கி வந்து அவனே தொறந்தாத்தான் உண்டு. எப்படி? நீங்களே தலையாட்டறீங்க பாருங்க. எல்லாருமே தலையாட்டுனாங்க. எங்க பிரிவுல பன்னெண்டு டிரான்ஸ்பார்மருக்கும் மாட்டுனம்.

இதுவரைக்கும் சரி. இதோட நின்னிருந்தா நான் பெரிய மனுசன்.

எனக்கு எதுவுமே ஒண்ணு இருந்தாப் பத்தாதுங்க. ரெண்டு வேணும். இதா, கண்ணாடி ஒண்ணு மூக்குல, ஒண்ணு பையில. பேனா ரெண்டு. இந்தப் படிவம்கூட ரெண்டு ஜெராக்ஸ். ஒரு கடுதாசி போட்டாலும் நகல் எடுத்து வெச்சுக்குவன். மரகதம் கேப்பா, "பொண்டாட்டியும் ஒருத்திதானா, இல்லை எங்காச்சும் ஒரு டூப்ளிகேட் வெச்சிருக்கீங்களா?"ன்னு. தொலைஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுங்கற பயம். சாவி தொலைஞ்சா என்ன பண்றது? ஏறுனவன் சாவிய மேல இருந்து கீழ போட்டுட்டா? வாய்க்கால்ல விழுந்துட்டா? நூறு தோட்டத்துக்குக் கரண்டு இல்லாமப் போயிருமே? அதனால பன்னெண்டு பூட்டுக்கும் பன்னெண்டு டூப்ளிகேட் போட்டன்.

சிரிக்காதீங்க. நான் சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்கறீங்களே. பொறுங்க, இன்னும் இருக்குது.

டூப்ளிகேட்ட எங்க வெக்கறது? ஆபீஸ் பீரோவுல வெச்சா, பீரோச் சாவி தொலைஞ்சா? அதனால அந்தந்த டிரான்ஸ்பார்மர்லயே வெச்சன். மண்டை ஓடும் ரெண்டு எலும்பும் போட்டு 'அபாயம்'னு ஒரு பலகை தொங்கும் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னால ஒரு ஆணி அடிச்சு அதுல மாட்டி வெச்சன். மண்டை ஓட்டுக்குப் பின்னால எவன் கையுடுவான்? என்ற புத்திய நானே மெச்சிக்கிட்டன். அர்த்தநாரி பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தான். "அண்ணா"ன்னான். "என்னடா?"ன்னன். "ஒண்ணுமில்லீங்ணா"ன்னான்.

போன வருசம் சித்திரை. வெய்யிலு மண்டையப் பொளக்குது. தோட்டத்து மோட்டார் ஓடற மும்முனைக் கரண்டு பகல்ல கொஞ்ச நேரந்தான். அந்த நேரத்துல நாங்க எங்காச்சும் லைன நிறுத்துனா சனங்க கண்ணுல நெருப்புப் பறக்கும். அதுல ஒருநாள் நான் ஒரு காரியம் பண்ணுனன். ஒரு வேலைக்குப் பூட்டிட்டு, வேலை முடிச்சு, தொறக்காமயே ஊட்டுக்கு வந்துட்டன். சாவி கழுத்துல. குளிக்கறப்ப சோப்புப் போடறன், கையில என்னமோ தட்டுப்படுது. ஈரத் துண்டோட வண்டிய முடுக்கிட்டுப் போனன். போய்ப் பார்த்தா கைப்பிடி மேல இருக்குது, கரண்டு ஓடிட்டிருக்குது, மோட்டார் எல்லாம் சலசலன்னு தண்ணி எறைக்குது. அப்பாடான்னு திரும்பி வந்துட்டன்.

ஏனுங்க, சாவி என்ற கழுத்துல இருக்கறப்ப அந்தப் பூட்டு எப்படித் தொறந்துதுன்னு நான் யோசிச்சிருக்கோணுமா இல்லியா? யோசிக்கலைங்க. அப்பாடான்னு மட்டுந்தான் தோணுச்சு.

அதுக்கு எட்டாம் நாளு. காலையில பதினொரு மணி. அதே டிரான்ஸ்பார்மர், கொழந்தசாமி தோட்டத்துது, அதுல இருந்து போற லைன்ல, அஞ்சாவது கம்பத்துல கம்பியத் தாங்கற பீங்கான் ஒண்ணு வெடிச்சுப் போச்சு. மாத்தோணும். அந்தக் கம்பம் கோழிப்பண்ணைக்கு அந்தப் பக்கம். டிரான்ஸ்பார்மர்ல நின்னு பார்த்தா தெரியாது. நானும் அர்த்தநாரியும் போனம். கைப்பிடிய இழுத்துப் பூட்டிச் சாவியக் கழுத்துல மாட்டிக்கிட்டன். "அண்ணா, நான் ஏர்றன்"னான் அவன். "நீ வேண்டாம். உனக்கு இந்தப் பூட்டு மேல நம்பிக்கை இல்லை. போர்மேனே ஏறிக் காட்டறன், பார்த்துக்க"ன்னன். ஐம்பத்தேழு வயசுல கம்பம் ஏறோணும்னு எனக்குத் தலையெழுத்தா? வீம்பு.

இன்னொண்ணும் சொல்லிப் போடறன், இது அர்த்தநாரியத் தவிர யாருக்கும் தெரியாது. ஏறறதுக்கு முன்னாடி கம்பிய மண்ணோட சேர்த்து ஒரு சங்கிலி போடோணும். எர்த் ராடுன்னு சொல்லுவம். தப்பித் தவறிக் கரண்டு வந்தாலும் அது மண்ணுக்குப் போயிரும். அர்த்தநாரி அதையத் தூக்கிட்டு வந்தான். "பூட்டு இருக்கறப்ப அது எதுக்குடா? அதைய மாட்டறதுக்குக் கால் மணி நேரம். கீழ வெய்யி"ன்னுட்டன். அவனும் கீழ வெச்சுட்டான்.

கம்பத்தடியில செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஏறுனன். பாதி தூரம் போய்க் கீழ பார்க்கறன், அர்த்தநாரி என்ற செருப்ப எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டு டிரான்ஸ்பார்மர்ப் பக்கம் போறான். "டேய், அதைய எங்கடா தூக்கிட்டுப் போற?"ன்னு கத்துனன். "வர்றண்ணா"ன்னான். பழைய மெமோவுக்குப் பழி வாங்க எங்கயோ வீசப் போறான்னு நெனச்சன். நெசமாங்க, அப்படித்தான் நெனச்சன். மேல உக்காந்து பழைய பீங்கானக் கழட்டிக்கிட்டே அவனை மனசுக்குள்ள திட்டிட்டிருக்கறன். சித்தெ நேரத்துல வெறுங்கையோட திரும்பி வந்து கம்பத்தடியில நின்னான்.

கம்பி ரெண்டும் என்ற நெஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணை இடது கையில நல்லாப் புடிச்சிருக்கறன். அப்பக் கீழ அர்த்தநாரி போன் அடிக்குது. எடுத்தான். "ஆமாங்ண்ணா"ன்னான். அப்புறம் ஒரு சத்தம் போட்டான் பாருங்க, அவன் தொண்டையில அப்படியொரு சத்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. "தொடாதீங்க! தொடாதீங்க! ஆளு மேல இருக்குது!" போனப் போட்டுட்டு என்னையப் பார்த்து, "அண்ணா, கம்பிய உடுங்க! எறங்குங்க!"ன்னு கத்தறான். கத்திட்டே டிரான்ஸ்பார்மரப் பார்த்து ஓடறான்.

நான் என்ன பண்ணுனன் தெரியுமா? கழுத்துல இருந்த சாவிய எடுத்துத் தூக்கிக் காட்டுனன். "டேய், சாவி இங்க இருக்குதுடா! எதுக்குடா எறங்கறது?"ன்னு சிரிச்சன். ஒரு கையில கம்பி, ஒரு கையில சாவி.

எறங்குனன். அவன் ஓடற ஓட்டத்தைப் பார்த்துத்தான் எறங்குனன், புத்தி வந்து எறங்கலை. கோழிப்பண்ணையச் சுத்திட்டுப் போய்ப் பார்க்கறன். மண்டை ஓட்டுப் பலகை ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்குது. பூட்டு வாயப் பொளந்துட்டுத் தொங்குது. அதுல டூப்ளிகேட் சாவி சொருகியிருக்குது. கைப்பிடி கீழதான் இருக்குது. கைப்பிடியில என்ற செருப்பு ரெண்டும், வாருல மாட்டி, அக்கட்டயும் இக்கட்டயும் ஆடிட்டிருக்குது. அர்த்தநாரி கைப்பிடியக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறான், மூச்சு வாங்குது. எதிர்ல கொழந்தசாமி.

கொழந்தசாமி நல்ல மனுசனுங்க. வாழை போட்டிருந்தாரு, தண்ணியில்லாம எலை எல்லாம் மடங்கிப் போச்சு. "போர்மேனு, உங்க செருப்புங்களா? அன்னைக்காட்டம் பூட்டிப்போட்டு மறந்துட்டீங்களாட்டம் இருக்குதுன்னு தொறந்துட்டனுங்க. தள்ளலாம்னு பார்த்தா செருப்புத் தொங்குது. அடுத்தவன் செருப்பக் கையில எப்படிங்க தொடறது? ஒரு குச்சிய எடுத்துத் தட்டியுடலாம்னு தேடுனன், ஒண்ணும் ஆப்புடலை. அதுதான் அர்த்தநாரிக்குப் போன் பண்ணி, வந்து உன்ற செருப்ப எடுத்துக்கன்னு சொன்னன்"னாரு.

சுத்தியும் வாழைங்க. வாழைத் தோட்டத்துல குச்சி ஏது?

அப்படியே மண்ணுல உக்காந்துட்டன். ஆனாலும் கண்டுபிடிச்சவன் பாருங்க, சந்தேகம் கேக்கத் தோணுது. "சாவி அங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"ன்னன். அவரு என்னைய அதிசயமாப் பார்த்தாரு. "ஏனுங்க, எங்க ஊட்டுச் சாவியும் சாமி படத்துக்குப் பின்னாலதான் வெப்பம். படம்னு ஒண்ணு மாட்டியிருந்தா, பின்னால சாவி இல்லாம இருக்குமா? மாட்டுன மறுநாளே எல்லாருக்கும் தெரியும்"னாரு.

மண்டை ஓட்டுக்குப் பயப்படலைங்க. பூட்டுக்குப் பயப்படலை. 'அபாயம்'னு செகப்புல எழுதியிருக்குது, அதைய ஒரு மயிருக்கும் மதிக்கலை. மன்னிச்சுக்குங்க, வாயில வந்துருச்சு. ஒரு பழைய செருப்பு, குதிங்கால் தேஞ்சது, அதைய மட்டும் தொட மாட்டன்னு நின்னாரு மனுசன். அந்த நிப்புலதான் நான் இன்னைக்கு உங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறன்.

யாரும் தொடாத அந்தச் செருப்ப ஒருத்தன் தொட்டான். ரெண்டு கையிலயும் புடிச்சு, அஞ்சு கம்ப தூரம் தூக்கிட்டுப் போனான். எவனுக்கு மெமோ குடுத்தனோ அவன். நான் அதுக்கு அவனைத் திட்டிட்டு இருந்தன்.

எழுமாத்தூர் தாண்டிட்டமா? தாண்டியாச்சா? அட, நேரம் போறதே தெரியலை.

அன்னைக்கு நாங்க மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டம், யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு. பேசி வெச்சதென்ன, நான்தான் ரெண்டு பேரு கையயும் புடிச்சுக் கேட்டுக்கிட்டன். மறுநாளே போய்ப் பன்னெண்டு டிரான்ஸ்பார்மர்லயும் டூப்ளிகேட்டப் பொறுக்குனன். ஏழுதான் கெடச்சுது. மிச்சம் அஞ்சும் எவனெவன் அரணாக்கயித்துல தொங்குதோ. அந்த அஞ்சு பூட்டயும் கழட்டிக் கெணத்துல போட்டுட்டன்.

ஆனாக் கண்டுபிடிப்பு சும்மா இருக்குதா? ஒரு மாசம் கழிச்சு மறுபடி பட்டறைக்குப் போயிட்டன். பொட்டியில இருக்கறது ரெண்டாவது பதிப்புங்க. பூட்டு அதேதான். கைப்பிடியில மட்டும் புதுசா ஒரு கொக்கி. அஞ்சாவது காலத்துல அதைய எப்படி எழுதியிருக்கறன்னு படிக்கறன்: 'பணியாளரின் தனிநபர் அடையாளம் தாங்கி.' செருப்பு மாட்டற கொக்கிங்க அது! செருப்புன்னு எழுதக் கூச்சமாப் போச்சு. கண்டுபிடிப்பாளர்ங்கற எடத்துல ஒரே பேருதான். என்ற பேரு.

மரகதத்துக்கிட்ட மட்டும் அன்னைக்கு நடந்ததைச் சொல்லியிருந்தன். அவ படிவத்தப் படிச்சுப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அர்த்தநாரிக்குக் குடுத்த மெமோவ வாங்கிட்டீங்களா?"ன்னா. வாங்கலைங்க. வாங்கோணும்னா ஏன்னு எழுதோணும். ஏன்னு எழுதுனா அன்னைக்கு நடந்தது வெளிய வரும். டூப்ளிகேட் வரும், மண்டை ஓடு வரும், எர்த் ராடு போடாம ஏறுனது வரும். ரிட்டயர்டாக மூணு மாசம் இருக்கறப்ப என்ற பைல்ல ஒரு மெமோ ஏறும். அவன் மெமோவ எடுக்கோணும்னா என்னுத வாங்கிக்கோணும். ஒரு வருசமா நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டிருக்கறன்.

இன்னைக்குக் காலையில இந்தப் பொட்டியப் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிட்டு வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? அவன்தான். ஏழு கிலோவையும் தோள்ல வெச்சுக்கிட்டு வந்து, பஸ்ஸுக்குள்ள ஏத்தி, உங்க காலுக்குப் பக்கத்துல வெச்சுட்டு, "அண்ணா, பார்த்துப் போங்க"ன்னான். உள்ள என்ன இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். கொக்கிய வெல்டு வெக்கறப்ப புடிச்சுக்கிட்டது அவன்தான். எதுக்குங்ணா இந்தக் கொக்கின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தான்னா நான் கோவிச்சுக்கிட்டாவது நிம்மதியா இருந்திருப்பன்.

இந்தப் பூட்ட இப்படியே மாவட்டம் பூராவும் மாட்டுனாங்கன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு ஆபீஸ்லயும் என்னையாட்டம் ஒரு சென்னியப்பன் இருப்பானுங்க. தொலைஞ்சா என்ன பண்றதுன்னு டூப்ளிகேட் போடுவான். அதைய எங்கயோ ஒரு பலகைக்குப் பின்னால மாட்டுவான். எவனோ ஒரு லைன்மேன் கழுத்துல சாவிய மாட்டிக்கிட்டு தைரியமா ஏறுவான். எனக்குச் செருப்பு இருந்துது. கொக்கி எதுக்குன்னே அவனுக்குத் தெரியாது, நான்தான் தாங்கி கீங்கின்னு எழுதி வெச்சிருக்கறனே. டிபன் பைய மாட்டிட்டு ஏறுவான்.

ஏனுங்க, பேனா இருக்குதுங்களா? என்னுது ரெண்டும் எழுத மாட்டேங்குது. ரெண்டு வெச்சிருந்து என்ன பிரயோசனம் பாருங்க. ஆங், அந்த ஜோப்புல இருக்கறதைக் குடுங்க.

எழுதறன். நீங்க பார்த்துட்டே இருங்க, இல்லாட்டிப் பாதியில மனசு மாறிக்கும். 'விபத்து ஒன்று தவிர்க்கப்பட்டது. தப்பியவர் போர்மேன் சென்னியப்பன். தவிர்த்தது இக்கருவி அல்ல.' ஆச்சு, அல்லன்னு எழுதிப்போட்டன். 'இக்கருவிக்கு என்னால் செய்யப்பட்ட மாற்றுச் சாவியினாலேயே விபத்து நேர இருந்தது. எர்த் ராடும் நான் போடவில்லை. லைன்மேன் அர்த்தநாரி என் செருப்பைக் கைப்பிடியில் தொங்கவிட்டபடியால் உயிர் பிழைத்தேன். செருப்புத் தொங்கவிட்டதற்காக அவருக்கு நான் கொடுத்த மெமோ தவறானது. அதை நீக்கக் கோருகிறேன். மாற்றுச் சாவி யாரும் செய்யக் கூடாது.' எடம் பத்தலைங்க, பின்பக்கமும் போகுது. அஞ்சாவது காலத்துல தாங்கிய அடிச்சுட்டு, 'செருப்பு மாட்டும் கொக்கி.' கண்டுபிடிப்பாளர்... பூட்டு சென்னியப்பன், கொக்கி அர்த்தநாரி. அவன் பேரு மொதல்ல வரோணுமா? சரி, அகர வரிசைப்படி பார்த்தாலும் அவன்தான் மொதல்ல வர்றான். உட்டுருங்க, அம்பு போட்டு மாத்திட்டன்.

கையெழுத்தும் போட்டாச்சு.

அய்யோ, ஸ்டாப்பிங் வந்துருச்சு! கண்டக்டரே, ஒரு ஆளு எறங்கோணும், ஒரு ஆளும் ஒரு பொட்டியும்! இந்தாங்க உங்க பேனா. வர்றனுங்க. சித்தெ வழி உடுங்கம்மா, இரும்பு, காலப் பார்த்து. எறங்கிட்டன், எறங்கிட்டன், போலாம்.

ஏனுங்க! ஏனுங்க, சன்னல்ல இருக்கறவரே! செருப்பு! என்ற செருப்பு உள்ள கெடக்குதுங்க, சீட்டுக்கு அடியில! கண்டக்டரே, நிறுத்துங்க! அதைய எடுத்துச் சன்னல் வழியாப் போடுங்க! ஏனுங்க, குனிஞ்சீங்களே, என்னாச்சு? கைய நீட்டீட்டு அப்படியே நின்னுட்டீங்க? அதேதானுங்க! அதேதான் அர்த்தநாரி கண்டுபிடிச்சது! சீக்கிரம், பஸ்ஸு நகருது, கையில வேண்டாம், காலாலயாவது படி வழியாத் தள்ளியுடுங்க! பெரிய ஆபீஸுக்கு வெறுங்கால்லயா போறது? அதுக்கு மட்டும் என்றகிட்ட டூப்ளிகேட் இல்லீங்க!